பதினெட்டுக் குழியும் பதினெட்டுக் கிலோவும்

செங்கலடிச் சந்தியில் நின்று மேற்குப் பக்கம் பார்த்தால் ஒரு வீதி நேராகப் போகும். பதுளை வீதி என்று நாங்கள் சொல்வோம். வரைபடத்தில் அதன் பெயர் ஏ5. கரடியனாறு, மகா ஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை என்று மலை ஏறிப் போய், நுவரெலியாவைத் தொட்டு, கம்பளை வழியாகப் பேராதனையில் முடிகிறது. சிறு வயதில் அந்த வீதியைக் குறுக்கே கடந்துதான் பாடசாலைக்குப் போனேன். ஆனாலும் அது போய்ச் சேரும் ஊர்களைப் பார்க்க எனக்கு நாற்பத்தாறு வயது வரை வாய்க்கவில்லை. யுத்த காலத்தில் அந்தப் பாதையால் போய் வருவது நினைத்தபடி நடக்கிற காரியமாக இருக்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகு முன்பள்ளி வேலையும் வீட்டு வேலையும் என்னை விடவில்லை.

மலையில் எனக்கு மூன்று தோழிகள் இருக்கிறார்கள். 2006இல் கண்டியில் பெண்களுக்காக நடந்த பத்து நாள் பயிற்சி நெறியில் நாங்கள் நால்வரும் ஒரே அறையில் தங்கினோம். ஒருத்தி தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். ஒருத்தி நுவரெலியாக் கடைத்தெருவில் கம்பளி உடுப்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் சகோதரி. மூன்றாமவர் எங்களை விட வயதில் மூத்தவர். அவரை நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடுவோம். பயிற்சியில் படித்தவற்றில் பாதி மறந்துபோய்விட்டது. நட்பு மட்டும் மறக்கவில்லை. மாதம் ஒரு முறையாவது தொலைபேசியில் பேசிக்கொள்வோம். பேச்சு எப்போதும் ஒரே கேள்வியோடுதான் தொடங்கும்.

"டீச்சர், அங்க மழையா?"

என் கணவர் இதைக் கேட்டுச் சிரிப்பார். "மழையைப் பத்திக் கதைக்கவா காசு செலவழிச்சு கோல் எடுக்கிறீங்க?" என்பார். நானும் அது வெறும் சம்பிரதாயப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன், அங்கே போய் வரும் வரை.

நூரளைக் குளிர்

2025 பெப்ரவரியில் ஒரு வழியாகப் பயணம் சரிவந்தது. மட்டக்களப்பிலிருந்து பதுளைக்கு ஒரு பஸ், பதுளையிலிருந்து நுவரெலியாவுக்கு இன்னொரு பஸ். பிபிலை தாண்டியதும் காது அடைத்தது. வெலிமடையில் உருளைக்கிழங்குப் பாத்திகள் படிப்படியாகத் தெரிந்தன. ஹக்கலைத் தாவரவியல் பூங்காவைக் கடக்கும்போது பஸ்ஸின் கண்ணாடியை எல்லோரும் இழுத்துச் சாத்தினார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கவென 1861இல் தொடங்கிய பூங்கா அது. கடற்கரைக் காற்றில் வளர்ந்த எனக்கு அந்தக் குளிர் புதிது. நான் கொண்டு போன மெல்லிய சால்வையைப் பார்த்துப் பக்கத்து ஆசனத்து அம்மா, "இது போதாதுங்க" என்று பரிதாபப்பட்டார்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஊரின் தலைக்கு மேல் நிற்கும் பிதுருதலாகலைதான் இலங்கையின் மிக உயரமான மலை, 2,524 மீற்றர். தோட்டத்து மக்கள் வாயில் இந்த ஊர் நூரளை. ஆங்கிலேயருக்கு வெயிலுக்கு ஒதுங்கும் ஊராக இருந்தது. அவர்கள் தங்கள் நாட்டை இங்கே கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனதுபோல் ஒவ்வொன்றும் நிற்கிறது. ஆளுநர் கிரகரி காலத்தில் 1873இல் அமைத்த ஏரி, செங்கல் நிறத் தபாலகம், ஓட்டக் குதிரைகளுக்கு ஒரு மைதானம், ஊரின் நடுவில் கோல்ப் திடல். 1885இல் ரயில் நானுஓயா வரை வந்தபின் துரைமாருக்கு இங்கே வந்து போவது இன்னும் எளிதாகிவிட்டது.

அன்று இரவு தோட்டத்துத் தோழியின் வீட்டில் தங்கினேன். பழைய லயத்தின் கடைசிக் காம்பரா. முன்னால் தகரத்தால் இறக்கிய சிறு சமையற்கட்டு. இரண்டு கம்பளி போர்த்தும் நடுக்கம் நிற்கவில்லை. விடியற்காலையில் வெளியே வந்தபோது புல்நுனியெல்லாம் வெள்ளையாக இருந்தது. உப்பளம் பார்த்த கண்ணுக்கு உப்புத் தூவியது போலத் தெரிந்தது.

"உறைபனிங்க டீச்சர். பாக்க அழகு. வெயில் பட்டதும் கொழுந்து கருகிப் போயிரும். பொறகு நாங்கதான் கருகணும்" என்றாள் தோழி, தேத்தண்ணியை நீட்டியபடி.

கோல்ப் திடலின் ஓரம்

அன்று பெப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் வேலை இல்லை. பத்து மணிக்கு நால்வரும் நகரத்தில் சந்தித்தோம். பெரியக்கா ரொட்டியும் கட்டச்சம்பலும் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். கடைக்காரச் சகோதரி ஒரு பிளாஸ்க் நிறைய இஞ்சித் தேத்தண்ணி. கோல்ப் திடலை ஒட்டிப் போகும் வீதியோரத்தில், வேலிக்கு இந்தப் பக்கம், ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம் விரித்தது போல மேடும் பள்ளமுமாகப் புல்தரை தெரிகிறது. இடையிடையே உயர்ந்த மரங்கள். தூரத்தில் வெள்ளைத் தொப்பி அணிந்த நாலு பேர் நடந்துகொண்டிருந்தார்கள்.

இலங்கையில் முதல் கோல்ப் கழகம் கொழும்பில் 1879இல் ஆரம்பமானது. களனிவெளி ரயில் பாதை அந்தத் திடலின் ஊடாகவே போகிறது. பந்தடிப்பவர்கள் ரயிலுக்கு வழி விட்டு நிற்பார்கள். நுவரெலியாக் கழகம் அதற்குப் பத்து வருடம் பிந்தியது, 1889. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டு இருபத்திரண்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன. கோப்பிச் செடியை நோய் அழித்துவிட்டது. மலைகள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தன. துரைமார் விளையாட இந்தத் திடலும், வேலையாட்கள் தங்க லயன் காம்பராக்களும் பக்கத்துப் பக்கத்தில் எழுந்த காலம் அது.

"எங்கப்பாரு இந்தத் திடல்லதான் கேடி வேல பார்த்தாரு" என்றார் பெரியக்கா.

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. என் முகத்தைப் பார்த்து மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விளையாடுபவரின் கோல் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவருக்கு ஆங்கிலத்தில் அப்படியொரு பெயராம். பெரியக்கா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் "அப்பா என்ன வேலை?" என்று கேட்டதற்கு "கேடி" என்று சொல்லி, புதிதாக வந்த ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையையும் சொன்னார்.

"சும்மா பை தூக்குற வேலன்னு நெனைக்காதீங்க. எந்தப் பக்கம் புல்லு சரிவு, எந்த நேரம் காத்துத் திரும்பும், எந்தக் கோலால அடிச்சா பந்து எங்க விழும், எல்லாம் அப்பாருக்குத் தெரியும். தொரமாருக இவருகிட்டக் கேட்டுத்தான் அடிப்பாங்க. பந்து காணாமப் போனா இவருதான் தேடணும். மேகம் எறங்கிருச்சின்னா பந்தும் தெரியாது, தொரயும் தெரியாது."

பெரியக்காவும் இளம் வயதில் சில காலம் அங்கே புல் பிடுங்கப் போயிருக்கிறார். கிடைமட்டமாகக் குனிந்து, கத்தி நுனியால் களையை மட்டும் வேரோடு எடுக்க வேண்டும். நல்ல புல்லுக்குச் சேதம் வரக்கூடாது. "அந்தப் புல்லு மாதிரி என் புள்ளைகளையும் பாத்துப் பாத்துதான் வளர்த்தேன்" என்றார்.

திடலின் ஓரத்தில் பழைய கல்லறை ஒன்று இருப்பதையும் அவர் சொன்னார். மேஜர் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியுடையது. 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படும் மனிதர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய கல்லறையையும் பின்பு மின்னல் தாக்கியது என்று ஊரில் சொல்கிறார்கள்.

"மின்னலுக்குத் தொர, கூலின்னு தெரியாது. ஆனா, மின்னல் வந்தா வெளையாடுறவுங்க கட்டடத்துக்கு ஓடிருவாங்க. நாங்க மலைய விட்டு எறங்கணும்னா கங்காணி சொல்லணும்" என்றாள் கொழுந்துக்காரத் தோழி.

குறைந்தால் வெற்றி, குறைந்தால் அரைப் பேர்

எனக்கு அந்த விளையாட்டு எப்படியென்று தெரியாது. பெரியக்கா ஒரு குச்சியால் மண்ணில் கோடு கீறிச் சொல்லித் தந்தார். மொத்தம் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க இடம். அங்கிருந்து அடித்து அடித்துப் பந்தைக் குழிக்குள் விழுத்த வேண்டும். பதினெட்டும் முடியும்போது யார் மிகக் குறைந்த தடவை அடித்தாரோ அவரே வென்றவர்.

"கொறைய அடிச்சவரு ஜெயிக்கிறாரா?" கொழுந்துக்காரத் தோழிக்கு இது புதுச் செய்தி. அந்தத் திடலைக் கடந்து ஆயிரம் தரம் போயிருக்கிறாள். ஒரு நாளும் கேட்டதில்லையாம். "எங்களுக்கும் பதினெட்டுத்தான் டீச்சர். பதினெட்டுக் கிலோ. ஒரு கிலோ கொறைஞ்சாலும் அரைப் பேரு."

பேர் என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு. தோட்டத்துக்குத் தோட்டம் கிலோக் கணக்கு வேறுபடும். சொன்ன அளவு கொழுந்து வராவிட்டால் முழுநாள் நின்றாலும் அரை நாள் சம்பளம். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவானபோது பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவும் கூடியது. 2024 செப்டம்பரில் அது 1350 ரூபா ஆனது. கணக்குப் பார்க்க நல்ல சம்பளம்தான். ஆனால் உறைபனி பொசுக்கிய மலையில் பதினெட்டுக் கிலோவுக்கு எங்கே போவது? மழை பெய்தால் கொழுந்து நனைந்திருக்கும், தண்ணீர்ப் பாரம் என்று நிறுவையில் கழிப்பார்கள். வெயில் நீடித்தால் கொழுந்தே கிளம்பாது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது, அந்தத் தடை சில மாதங்களில் விலகியும், செடிகள் தேற நாள் எடுத்தது என்றாள்.

அப்போதுதான் "அங்க மழையா?" என்ற கேள்வியின் அர்த்தம் எனக்கு விளங்கியது. எனக்கு மழை என்றால் குடை. அவளுக்கு மழை என்றால் அந்த மாதச் சம்பளம். "அங்க மழையா?" என்று அவள் கேட்டது, "உங்க வீட்டுப் பாடு எப்படி?" என்று கேட்பதுதான்.

பெரியக்கா இன்னொன்றும் சொன்னார். கோல்ப் விளையாட்டில் பலம் குறைந்தவருக்குச் சலுகை உண்டாம். இவ்வளவு அடி உனக்குக் கழிவு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். அதனால் வயதானவரும் வாலிபரும் ஒன்றாக விளையாடி, வயதானவர் வெல்லவும் முடியும்.

கொழுந்துக்காரத் தோழி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். "எங்கம்மா அம்பத்தஞ்சு வயசுலயும் அதே பதினெட்டுதான் எடுத்தாங்க. முட்டி வீங்கி, படியெறங்க முடியாம, பொழுது சாய அழுதுகிட்டு வருவாங்க. அம்மாவுக்கு அப்பிடி ஒரு கழிவு எழுத ஆளு இல்ல."

வேலிக்கு அப்பால் யாரோ அடித்த பந்து உயரப் போய் விழுந்தது. கைதட்டும் சத்தம் கேட்டது. எங்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டிப் பேச்சு

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே பேச்சை மாற்றியவர் கடைக்காரச் சகோதரி. அவருடைய கணவர் சுற்றுலாப் பயணிகளை வானில் ஏற்றி இறக்குபவர். வாகனம் என்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். 2020இல் நிறுத்தியிருந்த வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து மீண்டும் அனுமதித்திருந்தார்கள். நாடு முழுவதும் அந்தப் பேச்சுத்தான். மறுநாள் வரவு செலவுத் திட்டம் வேறு.

"புது வாகனம் வந்தா பழசு வெல குறையும்னு சொல்றாங்க. எங்க வூட்டுக்காரர் நம்புறாரு, நான் நம்பல" என்றார். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் கிடந்ததும், வானை வரிசையில் விட்டுவிட்டு இரண்டு பேரும் மாறி மாறிக் காவல் இருந்ததும், பிறகு கியூஆர் அட்டை வந்ததும் அவர் சொல்லச் சொல்ல நாங்களும் எங்கள் ஊர் வரிசைக் கதைகளைச் சொன்னோம்.

கொழுந்துக்காரத் தோழி மெதுவாக வாயைத் திறந்தாள். "நான் ஆட்டோ ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன்."

"வூட்டுக்காரர் ஓட்டவா?"

"இல்ல. நான் ஓட்ட."

அவள் சும்மா சொல்லவில்லை. ஓட்டப் பழகி, அனுமதிப் பத்திரமும் எடுத்து வைத்திருந்தாள். எங்களிடம் கூடச் சொல்லவில்லை, கள்ளி. அவளுடைய லயத்திலிருந்து பிரதான வீதிக்கு நடந்தால் முக்கால் மணித்தியாலம். இரவில் ஒரு பிள்ளைக்கு இழுப்பு வந்தால், ஒரு பெண்ணுக்கு நோவு கண்டால், தோட்ட லொறியைத் தேட வேண்டும். லொறி இருந்தால் சாரதி இருக்கமாட்டார். அவளுடைய அண்ணிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது வழியில், லொறிக்குள், சாக்குகளின் மேல். பிள்ளை தப்பியது. அண்ணி தேற வெகுநாள் பிடித்தது.

பணம்? அவளுடைய அம்மா முப்பத்தாறு வருடம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்திருந்தது. தம்பி அதைத் தன் கடனுக்குக் கேட்கிறான். அதை முற்பணமாகக் கொடுத்து, மிச்சத்துக்கு லீசிங் போட்டுப் புது வண்டி எடுக்கலாம் என்பது இவள் யோசனை.

நான் இதில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எங்கள் மாவட்டத்தில் நுண்கடன் எடுத்த பெண்கள் பட்ட பாட்டை நான் பார்த்தவள். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். என் முன்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய ஒரு தாய் ஆள் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். "அம்மா இல்லையெண்டு சொல்லச் சொன்னவ" என்று அந்தப் பிள்ளை என்னிடமே சொல்லியிருக்கிறது.

"வண்டி எடு மகள். ஆனா மூண்டு விசயம் கேட்டுப்போட்டு எடு" என்றேன். "மாசம் எவ்வளவு எண்டு மட்டும் பார்க்காதை. கட்டி முடியக்குள்ள மொத்தம் எவ்வளவு எண்டு எழுதி வாங்கு. ரெண்டு மாசம் கட்ட முடியாமப் போனா என்ன செய்வாங்க எண்டு கேள். கையெழுத்து வைக்கிற கடதாசி உனக்குத் தெரிஞ்ச பாஷையில இல்லாட்டி, வாசிச்சு விளங்கப்படுத்தும் வரைக்கும் பேனையைத் தொடாதை."

கடைக்காரச் சகோதரி தலையை ஆட்டினார். "சரியான பேச்சு. நுவரெலியா சீசன் ஊரு. ஏப்ரல்ல கூட்டம், காசு. மே மாசம் மழை தொடங்கினா ரோட்டுல ஆளில்ல. கட்டுக் காசு மழையைப் பாக்காது. புது வண்டி வேணாம். அம்மா காசுக்குள்ள அடங்குற பழசு ஒண்ணு பாப்போம். எங்க வூட்டுக்காரர் எஞ்சினைப் பாத்துச் சொல்வாரு."

"தம்பிக்கு என்ன சொல்றது?" என்றாள் அவள்.

பெரியக்கா பிளாஸ்க்கை மூடிக்கொண்டே பதில் சொன்னார். "காசு யாரோடது? ஒங்கம்மாவோடது. அவங்களக் கேளு. ஒன்னையும் கேக்க வேணாம், தம்பியையும் கேக்க வேணாம். முப்பத்தாறு வருசத்துல அந்தப் பொம்பளைகிட்ட யாராச்சும் 'ஒனக்கு என்னா வேணும்'னு கேட்டிருக்காங்களா?"

மேகம் இறங்கிக் கொண்டிருந்தது. திடலில் நின்ற வெள்ளைத் தொப்பிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. எழுந்து சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டோம்.

மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் அவள் அம்மாவிடம் கேட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார். "எடு. புத்தகம் ஒன் பேர்ல இருக்கணும்."

மழை வந்த பிறகு

ஏப்ரல் சீசனுக்கு முன்பே வண்டி வந்துவிட்டது. பழைய சிவப்பு வண்டி. கடன் இல்லை. வாரத்தில் நாலு நாள் கொழுந்து, மற்ற நாட்களில் ஓட்டம். முதலில் லயத்து ஆண்கள் ஏறக் கூச்சப்பட்டார்களாம். பெண்கள் கூச்சப்படவில்லை. கிளினிக்குக்குப் போகும் தாய்மார்தான் முதல் வாடிக்கையாளர்கள். மே 11ஆம் திகதி றம்பொடைப் பக்கம் கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் அதிகமானோர் இறந்த செய்தி வந்தபோது நான்தான் முதலில் எடுத்துப் பேசினேன். "மெதுவா ஓட்டு" என்றேன். "டீச்சர், நான் ஓட்டுறதைப் பாத்தா நத்தைக்கே கோவம் வரும்" என்று சிரித்தாள்.

நவம்பர் 7ஆம் திகதி வரவு செலவுத் திட்டத்தில், அடிப்படைச் சம்பளம் 1550, வருகைக்காக அரசாங்கம் தரும் 200, ஆக 1750 ரூபா என்று அறிவித்தார்கள். அன்றும் பேசினோம். "கிலோ எத்தனைன்னு சொல்லலையே டீச்சர்" என்றாள்.

அந்த மாத முடிவில் டித்வா சூறாவளி வந்தது. எங்கள் பக்கமும் வெள்ளம். மலையகத்தில் மண் சரிந்து ஊர்களையே மூடிய படங்கள் வரத் தொடங்கின. நாடு முழுவதும் அறுநூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். மூன்று தோழிகளின் இலக்கத்துக்கும் மாறி மாறி அழைத்தேன். ஒன்றும் வேலை செய்யவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். என் கணவர் இப்போது சிரிக்கவில்லை. வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் காலை தொலைபேசி ஒலித்தது.

"டீச்சர், அங்க மழை விட்டுச்சா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அழுதேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அழுதேன்.

பெரியக்காவும் கடைக்காரச் சகோதரியும் சுகம் என்றாள். லயத்தின் மேல் வரிசைக்குப் பின்னால் மண் இறங்கியிருக்கிறது. சத்தம் கேட்டதும் எல்லோரும் பாடசாலைக் கட்டடத்துக்கு ஓடியிருக்கிறார்கள். நடக்க முடியாத அம்மாவையும் இன்னும் இரண்டு முதியவர்களையும் இருட்டில், கொட்டும் மழையில், அந்தப் பழைய வண்டியில்தான் ஏற்றி இறக்கினாளாம். பிறகு பாதை இல்லை. பாதையைத் துப்புரவு செய்து ஒரு வண்டி போகும் அளவுக்குத் திறந்த அன்று, நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியை நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். லொறியில் அல்ல, சாக்கின் மேல் அல்ல.

"கூலி வாங்கினியா?" என்று கேட்டேன், சும்மா.

"போங்க டீச்சர். அதுக்கெல்லாமா கிலோ நிறுக்கிறது?" என்றாள்.

பின்னணியில் யாரோ இருமும் சத்தம். அவளுடைய அம்மா. "டீச்சர் பேசுறாங்களா? அங்க தண்ணி வத்திருச்சான்னு கேளு" என்று சொல்வது கேட்டது.

வற்றிவிட்டது, அம்மா என்றேன். பிறகு நாங்கள் வழக்கம்போலப் பேசினோம். தேங்காய் விலை, பிள்ளைகளின் பரீட்சை, வண்டியின் பின் சில்லில் இருந்து வரும் கிறீச் சத்தம். செங்கலடிச் சந்தியைக் கடக்கும்போதெல்லாம் இப்போது அந்த வீதியைக் கொஞ்சம் நின்று பார்க்கிறேன். அதன் மேல் நுனியில் எனக்கு மூன்று பேர் இருக்கிறார்கள். அடுத்த தரம் போகும்போது தடிப்பான கம்பளிச் சட்டை ஒன்று வாங்க வேண்டும். நானூயாவில் இறங்கினால் கூட்டிப்போக ஆள் வரும். ஓட்டுபவள் என் தோழி.